அண்ணி அடித்த க்ரீம்

மூலக்குளத்தில் என் மகன் வீட்டுக்கு எதிரே ஒரு கேக் கடை வந்திருக்கிறது. போன மாதம் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் ஃப்ரிட்ஜிலிருந்து அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் மூலையை வெட்டி, பால் போன்ற ஒன்றைச் சட்டியில் ஊற்றினாள். மெஷின் சுழன்றது. ஐந்தே நிமிஷத்தில் சட்டி கொள்ளாமல் வெள்ளை வெளேரென்று நுரைத்து நின்றது. "இதுல பாலே கெடையாதும்மா, எல்லாம் எண்ணெதான்" என்று அவளே சொன்னாள். நான் தலையாட்டினேன். பாலில்லாத க்ரீமை ஐம்பது வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் ஒருத்தி கையால் அடித்திருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசும் உரிமையை என்றைக்கோ இழந்தவள் நான்.

அவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஐந்து வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் சைகோனுக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கடிதமும் வரவில்லை. அண்ணி உப்பளம் பகுதியில் இருந்த தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மதாம் நடத்திய கேக் கடையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். மதாம் வெள்ளைக்காரி இல்லை. இதே ஊரில் பிறந்தவர்தான். வீட்டில் பிரெஞ்சும் எங்களிடம் தமிழும் பேசுவார். பிறகு என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார், எனக்குக் கைக்குழந்தை. அந்தச் சமயத்தில் அண்ணிதான் மதாமிடம் மன்றாடி என்னையும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் பலர் கப்பலேறிய பிறகு ஊரில் நல்ல பாலேடு கிடைப்பது குறைந்துபோயிருந்தது. கிடைத்தாலும் நம் வெயிலுக்கு நிற்காது. வனஸ்பதியோடு கூவைமாவுக் கஞ்சியையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்துக் க்ரீம் செய்யும் முறையை அண்ணிதான் கண்டுபிடித்தார். பல மாதம் செய்து செய்து கெடுத்து, கெட்டதையெல்லாம் தானே தின்று பார்த்துத் தெரிந்துகொண்டது அது. கலவையை ஆறவைத்து, பித்தளைப் போகணியில் ஊற்றி, துணியால் வாய் கட்டி, தகரம் அடித்த ஐஸ் பெட்டிக்குள் ஒரு நாள் முழுக்க வைப்பார். ஐஸ் பாளத்தின் மேல் நேராக வைக்கமாட்டார். ஒருமுறை கட்டியாக உறைந்து இளகிவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அப்புறம் எத்தனை அடித்தாலும் எழும்பாது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், ஐஸ் தண்ணீரில் சட்டியை நிறுத்திக் கம்பி மத்தால் அடிப்பார். எப்போது நிறுத்துவது என்பதில்தான் அவர் கைத்திறன் இருந்தது. இன்னும் பத்துச் சுற்று சுற்றினால் திரிதிரியாகப் போய்விடும். அவர் மத்தைத் தூக்கும்போது நுனி லேசாக வளைந்து, விழாமல் நிற்கும். மதாம் வருகிறவர்களிடம் அது பாரீசில் கற்ற வித்தை என்பார். அண்ணி கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவார்.

அந்த ஐஸ் பெட்டிக்குள் வேறு எதுவும் போகக்கூடாது என்பது அண்ணி வைத்த சட்டம். எண்ணெய்ப் பண்டம் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சைத் தோல் வைத்ததற்கே ஒரு நாள் என்னைத் திட்டியிருக்கிறார்.

கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் அண்ணி கலவையைப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் வரவேண்டும் என்பதால் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு கனகசெட்டிக்குளத்து மீன்காரம்மா வந்தார். மதாம் வீட்டில் அன்று சாயந்திரம் விருந்து. மதாம் இரண்டு பெரிய வஞ்சிர மீன் வாங்கி, மீன்காரம்மா எதிரிலேயே, அவற்றைப் பெட்டியில் வைக்கும்படி என்னிடம் சொன்னார். அண்ணி கோபித்துக்கொள்வார் என்று இழுத்தேன். "பெட்டி அவளுதா, என்னுதா?" என்று கேட்டார் மதாம். ஈரச் சாக்கில் சுற்றிப் போகணிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயந்திரம் சமையல்காரர் வந்து எடுத்துப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கப் பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்.

விடியலில் பெட்டியைத் திறந்ததுமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். மதாம் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். அவர் போகணியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதாமிடம் போனார். நானும் பின்னால் போனேன். இதைக் கொட்டிவிட வேண்டும், புதிதாகச் செய்ய நேரமில்லை, வெறும் சர்க்கரைப் பூச்சு பூசித் தருகிறேன் என்று கெஞ்சினார். மதாம் முகர்ந்து பார்த்துவிட்டு, வனிலா கொஞ்சம் கூடுதலாக ஊற்றி அடி என்றார். அண்ணி மறுபடி சொன்னார். மதாம் மறுபடி அதையே சொன்னார். அன்றைக்கு அண்ணி அடித்த க்ரீம் பார்வைக்கு எப்போதும் போலத்தான் நின்றது.

மறுநாள் கல்யாண வீட்டுக்காரர் கடைக்கே வந்துவிட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் வாயில் வைத்ததைத் துப்ப வேண்டியதாயிற்று என்றார். அவர் கத்தவில்லை. மதாம் எங்கள் இருவரையும் வரச்சொன்னார். அண்ணியைப் பார்த்து, "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போக மீன் வாங்கி என் பெட்டியில ஒளிச்சி வச்சிருக்க நீ" என்றார்.

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "நானா வச்சேன்? யாரு வெக்கச் சொன்னாங்கன்னு இவளுக்குத் தெரியும். இவ சொல்லட்டும்" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூடிக் கிடந்த மில் நினைவுக்கு வந்தது, பால் கேட்டு அழும் குழந்தை நினைவுக்கு வந்தது என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. உண்மை என்னவென்றால் அப்போது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மதாமின் கண்ணைத்தான் பார்த்தேன். "நான் பாக்கல மதாம்" என்றேன்.

அண்ணி உள்ளே போனார். கம்பி மத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஆணியில் மாட்டினார். முன்துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனார். மத்தை மதாம் அன்றைக்கே என் கையில் கொடுத்தார்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று பயந்துகொண்டே போனேன். அண்ணி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். மதாமுக்கும் தனக்கும் ஒத்துவரவில்லை என்று தம்பியிடம் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கிணற்றடியில் நான் காலைப் பிடிக்கப் போனபோது நகர்ந்துகொண்டார். "நீ நெசத்தச் சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேல போயிருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்துச் சொன்ன பாரு" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

க்ரீம் எனக்கு வரவில்லை. ஒரு நாள் இளகும், ஒரு நாள் திரியும். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். பாகு சூடாக இருக்கும்போதே சேர்க்கிறாய், கஞ்சி நன்றாக ஆறட்டும் என்றார். கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வந்தது, வழிப்போக்கருக்குத் தெருவைக் காட்டுவது போல. எதையும் மறைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறைக்கவில்லை. நான் கொண்டுவந்த கேக்கை மட்டும் அவர் கடைசிவரை தொட்டதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலைக்குப் போய்ப் பிழைத்தார்.

ஐந்து வருஷம் கழித்து மதாமும் பிரான்சுக்குப் போனார். போகும்போது எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். பால் சேராத க்ரீமை இந்த ஊரில் முதன்முதலில் செய்தவள் நான்தான் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலை வாங்கினேன்.

அண்ணி மஞ்சள் காமாலையில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மனசு தாங்காமல் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் மேலே பார்த்துக்கொண்டே கேட்டார். கை ஓங்குவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அக்கா மேல பழி விழுந்ததக் கேள்விப்பட்டு, மீன வெக்கச் சொன்னது மதாம்தான்னு அந்த மீன்காரம்மா அந்த வாரமே வந்து சொல்லிடுச்சி."

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா உன்ன வேலைக்கி அனுப்ப முடியுமா?" என்றார்.