சுதாவிடம் கேட்காமல் போனேன்

2011 மார்ச் 14, திங்கட்கிழமை. வழக்கம்போல் பால் காய்ச்சி, கணவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து, போலாரத்தில் உள்ள எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு மாதாப்பூரில் உள்ள பெண்கள் கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

பலமாகச் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். என் ஓரகத்தி சுதாவுக்கும் அந்தத் தொல்லை இருந்தது. அங்கே லேசர் சிகிச்சை எடுத்த பிறகு, விசேஷ வீடுகளில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கால்களை இறுக்கிக்கொண்டு அதைப் பார்த்துப் புழுங்கினேன். அவளிடம் யோசனை கேட்கக் கூடாது என்ற வீம்பில் அதே சிகிச்சைக்கு நானாகவே தயாரானேன். சில நாட்களாக, கிருமிநாசினி கலந்த வெந்நீரால் பிறப்புறுப்பின் உள்ளேயும் கழுவினேன்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "என்ன போட்டுக் கழுவினீங்க? உள்ளே புண்ணா இருக்கு. இது ஆறாம சிகிச்சை கிடையாது" என்றார்.

வெளியே சுதா காத்திருந்தாள். பக்கத்து ஆபீசில் வேலை பார்ப்பதால் அவளை என் கணவர்தான் அனுப்பியிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தரையைத் துடைக்கிற மாதிரியா துடைச்சீங்க? நக்கோ அக்கா, அதெல்லாம் வேண்டாம். உள்ளே ஒண்ணுமே போடக் கூடாது, வெளியே வெறும் தண்ணி போதும். என்னைக் கேட்டிருக்கலாமே" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குள் எரிந்தது. ஆனால் அவள்மேல் இருந்த பொறாமைக்கு என் உடம்பைத்தான் தண்டித்திருக்கிறேன் என்று புரிந்தது.

மறுநாள் காலை, காபி போடுவதற்கு முன்பே சுதாவுக்கு போன் செய்து, அடுத்த முறை என்னோடு வருவாயா என்று கேட்டேன்.