தமிழ்மணியின் பூர்வீகம்

மூன்றாவது முறையும் மனு திரும்பி வந்தபோது தமிழ்மணி தாலுகா ஆபீஸிலேயே சத்தம் போட்டுவிட்டார்.

"மீனவர்னு தானே எழுதியிருக்கேன்? பொய்யா சொல்றேன்?"

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "விருத்தாசலத்துல ஏதுய்யா கடலு? நீ பொறந்த ஊருக்குப் போயி, அங்க வி.ஏ.ஓ. கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா."

தமிழ்மணிக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரின் பீங்கான் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகச் சூளை வேலை. ஃபியூஸ் கட்டைகள் வெந்துவிட்டனவா இல்லையா என்று முதலாளியே அவரைக் கேட்டுத்தான் சூளைக் கதவைத் திறக்கச் சொல்வார். மகள் வெண்மதி பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, விவசாயக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சாதிச் சான்றிதழைப் பன்னிரண்டாம் தேதிக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். மனைவி ராணி காப்பகத்தில் வளர்ந்தவள், அவளிடமும் அப்படி ஒரு காகிதம் கிடையாது. எல்லாம் தமிழ்மணி தலையில்தான் வந்து நின்றது.

அவர் பிறந்தது பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, நொச்சிமேட்டுக்குப்பம். சுனாமி வந்த காலையில் அலை அவரைத் தூக்கிச் சவுக்குத் தோப்பில் எறிந்தது. யாரோ எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அம்மா போய்விட்டாள் என்று அங்கேதான் தெரிந்தது. அப்பா அதற்கு முன்பே இல்லை. நான்காம் நாள் கட்டோடு வெளியே நடந்தவர், நின்றிருந்த மண் லாரியில் ஏறினார். லாரி விருத்தாசலத்துக்கு வந்தது. அதன்பின் ஒரு நாளும் கடல் பக்கம் போகவில்லை. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லீவு போட்டுவிட்டு அந்த வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனார். இரண்டு நாள் ஆள் இல்லை. மூன்றாம் நாள் இருந்தார்.

"அந்தக் குப்பத்துல இப்ப ஒருத்தரும் இல்லீங்க. எல்லாரும் கவர்மெண்டு கட்டிக் குடுத்த சுனாமி குவார்ட்டர்ஸுக்குப் போயிட்டாங்க. அந்த லிஸ்ட்டுல ஒங்க பேரு இல்ல."

"நான் அப்பவே வெளியூரு போயிட்டேன் சார்."

"அப்போ பழைய ஊருல பேரு இருக்கிற மாதிரி எதனா கொண்டாங்க. பள்ளிக்கூட ரெக்கார்டு?"

"பள்ளிக்கூடமே தண்ணியில போயிடுச்சே சார்."

"அதுக்கு நான் என்னாங்க பண்றது?"

வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்டார். ராணி சொன்னாள்: "ஒங்க பெரியப்பா மகன் பாரின்னு ஒருத்தரச் சொல்லுவீங்களே, அவரும் அந்தக் குவார்ட்டர்ஸுலதானே இருப்பாரு. அவரப் போயி கேக்கறது."

"அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? பத்தொம்பது வருஷமாச்சு." தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு அவரே சொன்னார்: "கோயில் மண்டபத்துக்கு எங்கப்பா நன்கொடை குடுத்தாரு. செவுத்துல பேரு வெட்டியிருந்தாங்க. அதப் போட்டோ எடுத்தா போதும்."

எட்டாம் தேதி வெண்மதியைக் கூட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்பு வழியாக பஸ் ஏறினார். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் அந்த நேரம்.

தார் ரோடு சீமைக்கருவேலத்துக்குள் போய் முடிந்தது. முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். வீடுகளில் ஜன்னல் மட்டத்துக்கு மணல் ஏறிக் கிடந்தது. கூரை இல்லை. சில சுவர்களைக் கடல் பாதி தின்றிருந்தது, உள்ளிருந்த கம்பி துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தன் வீடு எது என்று தமிழ்மணியால் சொல்ல முடியவில்லை. குழாயடியை வைத்துக் கணக்குப் போட்டார். குழாயடியே இல்லை. மூன்று வீடுகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "எதா இருந்தா என்னா!" என்று வெளியே வந்தார்.

கோயில் இருந்த இடத்தில் அடிப்பீடம் மட்டும் இருந்தது. அம்மனைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மண்டபத்தைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். தமிழ்மணி அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்பா, இங்க வா! ஒன் பேரு இருக்குது!"

பீடத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுக்குள் ஒரு கருங்கல் நின்றது. வெண்மதி மணலைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். 'தமிழ்மணி, த/பெ தங்கராசு' என்று தெளிவாக வெட்டியிருந்தது.

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "எடு எடு, நல்லா விழற மாதிரி எடு. இப்ப என்னா சொல்றானுங்க பாப்போம்."

வெண்மதி போனைத் தூக்கவில்லை. கல்லின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது சுனாமியில செத்தவங்க பேரு."

அவர் மறுபடி படித்தார். அவர் பெயருக்கு மேல் வரியில் அம்மாவின் பெயர். பிறகு திடீரென்று கல்லைக் காலால் உதைத்தார். செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

அப்படியும் அந்தப் போட்டோவைக் கொண்டுபோய் வி.ஏ.ஓ.விடம் காட்டினார். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நீங்கன்னா நீங்க உயிரோட இல்ல. உயிரோட இருக்கீங்கன்னா இது நீங்க இல்ல. எதுன்னு நான் எழுதறது? ரத்த சொந்தம் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

வேறு வழி இல்லை. சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனார்.

பாரி வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்தார். அருகில் வந்து, முகத்தைப் பிடித்துத் திருப்பி, காதோரம் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். ஓங்கி ஓர் அறை விட்டார்.

"பத்து நாளுடா! பத்து நாளு ஒவ்வொரு பொணமா பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன். கைலி கலர வச்சு எவனையோ நீன்னு நெனச்சுக் கொள்ளி போட்டேன். வருஷா வருஷம் ஒனக்கு தெவசம் குடுக்கறேன். ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?"

ஆபீஸ் ஆபீஸாகக் கத்திக்கொண்டிருந்த தமிழ்மணி அங்கே அறுந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெண்மதிதான் முன்னால் வந்து, "பெரியப்பா, நான் இவரு பொண்ணு" என்றாள்.

பாரி அவளைப் பார்த்தார். உள்ளே பார்த்து, "பிள்ளைக்குச் சோறு போடு" என்று மனைவியிடம் கத்தினார். தம்பியை உள்ளே வா என்று அவர் கூப்பிடவே இல்லை. தமிழ்மணி வாசலிலேயே நின்றார்.

மறுநாள் பாரி தன் மகனின் சாதிச் சான்றிதழோடு வந்து, ஊர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, வி.ஏ.ஓ. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். எழுதும்போதும் முகம் கொடுக்கவில்லை. லெட்டர் கிடைத்தது. அதை விருத்தாசலத்தில் கொடுத்தபோது தேதி பத்து. அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். அடுத்த நாள் சர்வர் வேலை செய்யவில்லை. பன்னிரண்டாம் தேதி ராணி காலையிலிருந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

சான்றிதழ் இருபதாம் தேதி வந்தது. அதற்குள் கவுன்சிலிங் பட்டியலில் வெண்மதி பொதுப்பிரிவுக்குப் போயிருந்தாள். சீட்டு கிடைக்கவில்லை.

தமிழ்மணி அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனார். வெண்மதி பிடுங்கிக்கொண்டாள். "எனக்காச்சும் இருக்கட்டும்பா. என் புள்ளைங்களுக்கு இந்த மாதிரி நீ அலைய வேணாம்."

அவள் இப்போது உள்ளூர் அரசுக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாரி போன் செய்கிறார். வெண்மதியிடம் அரைமணி நேரம் பேசுவார். "அப்பா கிட்ட குடுக்கட்டா பெரியப்பா?" என்று அவள் ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். "வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிடுகிறார். தமிழ்மணி அந்த நேரம் பார்த்து வீட்டிலேயே இருக்கிறார்.