சரோஜாவின் செல்களுக்குச் சாப்பாடு

மனித உடம்பின் செல்லைப் பாட்டிலில் வளர்ப்பது ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று நினைத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி வேலை பாட்டில் கழுவுவதும் செல்லுக்குச் சாப்பாடு மாற்றுவதும்தான். குன்னூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் கல்ச்சர் ரூமில் குனிந்து உட்கார்ந்தே என் முதுகு போனது. மழைக்காலத்து ஈரத்தில் எப்படியாவது பூஞ்சை உள்ளே வந்துவிடும். வாரக்கணக்கில் வளர்த்ததைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை என்று செல்லுக்குத் தெரியாது. தீபாவளியும் தெரியாது.

1

சரோஜா கட்டபெட்டில் தேயிலை பறித்தவர். காயம் பட்டால் லேசில் ஆறாத தோல் நோய் அவருக்கு. அது ஏன் என்று பார்ப்பதற்காக எங்கள் டாக்டர் அவருடைய சம்மதத்தோடு கையிலிருந்து பயறளவு தோல் எடுத்தார். அதிலிருந்து வந்த செல்களைத்தான் நான் வளர்த்தேன். அந்த நோய் உள்ள வேறு யாருடைய செல்லும் எங்களிடம் கிடையாது. டாக்டரின் ஆராய்ச்சியே அந்தப் பாட்டில்களை நம்பித்தான் இருந்தது.

அடுத்த வருடம் சரோஜா காய்ச்சலில் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு அவருடைய கணவர் ரங்கசாமி வந்தார். டீ ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் பார்ப்பவர்.

"ஏனுங்க மேடம், எங்கூட்டுக்காரியோட தோலு இங்க உசுரோட இருக்குதுன்னு டாக்டரய்யா சொன்னாருங்க. பாக்கலாமுங்களா?"

டாக்டர் காட்டச் சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, கோட்டு மாட்டிவிட்டு, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"அசையலீங்களே?"

"மெதுவாத்தானுங்கண்ணா வளரும். பாட்டில் நெறஞ்சா ரெண்டாப் பிரிச்சு வெப்போம்."

"சோறு என்னங்க?"

"இந்தச் செவப்புத் தண்ணிதானுங்க. சக்கரை, உப்பு, விட்டமின். அதோட சீரம்."

"சீரம்னா?"

கேட்டதற்கு உள்ளதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். "கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுக்குறதுங்க."

அவர் தலையைத் தூக்கினார். "அவ முட்டையே தொடமாட்டாளுங்க. கிறிஸ்மஸுக்கு எஸ்டேட்ல குடுத்த கேக்கைக் கூட வேண்டாமுன்னு திருப்பிக் குடுத்தவளுங்க. அவளுக்குப் போயி கன்னுக்குட்டி ரத்தமா?"

"இது வெறும் செல்லுங்கண்ணா. அவங்க இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க பாட்டில்ல அவ பேரை எழுதி வெச்சிருக்கறீங்க?"

நான்தான் எழுதியிருந்தேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவோம்.

"வேற குடுங்க. இல்லீன்னா நிறுத்திருங்க," என்றார்.

2

ரங்கசாமியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டருக்குத் தலைவலி ஆரம்பித்தது. "சீரம் இல்லாம செல் செத்துடும், விமலா. நிறுத்தினா ரெண்டு வருஷ வேலை போச்சு. ஒரு சாப்பாட்டு விஷயத்துக்காகவா?"

ஆனால் வீட்டுக்காரர் வேண்டாம் என்ற பிறகு கட்டாயப்படுத்துகிற ஆளும் அல்ல அவர். எதிரில் உட்கார்ந்திருந்த ரங்கசாமிதான் கேட்டார்.

"மனுசன் ரத்தத்துல எடுத்தா ஆவாதுங்களா?"

"ஆகும்," என்று இழுத்தார் டாக்டர். "யாரு குடுப்பாங்க?"

ரங்கசாமி அதற்குள் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். "அவ வந்தப்புறம் நானும் கறியை விட்டுட்டனுங்க."

ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து அவர் ரத்தத்தை எடுத்தோம். அவருக்குச் சுலபமாகப் போயிற்று. சாப்பாட்டை மாற்றினால் பழைய ரிசல்ட்டோடு ஒப்பிட முடியாது, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். செய்வது யார்? நான்தான். ரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து வைக்க வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

செல்கள் நன்றாகவே வளர்ந்தன. சில மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நெறைய இருக்குதுங்க," என்று சொல்லி பஸ்ஸுக்குக் கிளம்புவார். என் எரிச்சலும் எப்போதோ போய்விட்டது.

3

தோல் செல் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்காது. ஒரு கட்டத்தில் அகலமாகி, தட்டையாகி, அப்படியே நின்றுவிடும். எங்களுக்கெல்லாம் முதல் பாடமே அதுதான். யாரும் ரங்கசாமியிடம் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் சரோஜாவின் செல்கள் நின்றன. மீடியத்தை, அதாவது அந்தச் சிவப்புத் தண்ணீரை, மாற்றினேன்; பாட்டில்களை உடம்புச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைச் சோதித்தேன். உறைய வைத்திருந்த அவருடைய செல்லை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதுவும் கொஞ்ச நாளில் நின்றது. டாக்டரின் கட்டுரை அதற்குள் வெளிவந்திருந்தது. "விடுங்க விமலா, நமக்கு வேண்டியது கெடச்சாச்சு," என்று அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ரங்கசாமியிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் வழக்கம்போலக் கையை மடித்துக்கொண்டே வந்தார். சொன்னேன்.

"நாங் குடுத்தது பத்தலீங்களா?"

"பத்துச்சுங்கண்ணா. அதுல ஒரு கொறையும் இல்லீங்க. செல்லுக்கு வயசாயிப் போச்சு, அவ்வளவுதானுங்க."

"வயசாயிப் போச்சுங்களா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போகையில அவளுக்கு நாப்பது கூட ஆவலீங்க மேடம். இங்கயாச்சும் வயசாச்சே."

மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. கல்ச்சர் ரூமில் மாஸ்க் போட்டிருப்பது அதற்கு வசதி.

அதன்பிறகு தோல் கொடுக்க வருகிற யாராக இருந்தாலும், அதற்கு நாங்கள் என்ன ஊட்டுகிறோம், அது எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டுச் சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். டாக்டர் சலித்துக்கொள்வார். போகிறவர்கள் போகட்டும். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

பிரியாமல் நின்றுபோன செல்லை பிளீச் ஊற்றிக் கொட்டுவதுதான் முறை. அந்தக் கடைசிப் பாட்டிலை நான் கொட்டவில்லை. ரங்கசாமி கொடுத்த சீரம் தீரும்வரை மீடியம் மாற்றிக்கொண்டே இருந்தேன்.