தொங்கலும் பன்னிரண்டு முட்டிகளும்

தொங்கலுக்கு அந்தப் பெயரை வைத்தது நோயாளிகள்தான். முட்டி ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் அவர் கீபோர்டு வாசிக்கிறார். வேலை என்னவோ கேட்பதற்குச் சின்னதுதான். அவர் சில சுரங்களைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடித்தால் பன்னிரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழ வேண்டும். அதை முடித்தால் உட்காரலாம். நடுவில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது மட்டும் தொங்கலின் கையில். பாதியில் உட்கார்ந்தால் மானம் போய்விடும் என்பது அந்தக் கூடத்தின் எழுதாத சட்டம்.

ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்ட மாதிரி இருக்கும். அதில் க-வை எடுத்துவிட்டு ம-வை வைத்தால், கதவுக்கு வெளியே நின்று சாவியைத் தேடுகிற மாதிரி. சஸ்பென்டட் கார்டு, அதாவது தொங்குகிற கார்டு என்பார்கள். கதவைத் திற, கதவைத் திற என்று காது நச்சரிக்கும். ம கீழே க-வுக்கு இறங்கினால்தான் அதற்கு நிம்மதி.

இதன் மேல் மனுஷனுக்கு அப்படி ஒரு பைத்தியம். முன்பு ஒரு மேடைக் குழுவில் இருந்தபோது ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் இப்படித் தொங்கவிட்டு, கைதட்டுவதா வேண்டாமா என்று ஜனங்களைத் திருதிருவென முழிக்க வைத்தார். குழுத் தலைவர் அவரைக் கழற்றிவிட்டார். பிறகு தொங்கலின் மனைவி படியில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு இதே கூடத்துக்கு வந்தாள். அப்போதெல்லாம் விசில் ஊதித்தான் எழுப்புவார்கள். "நான் என்ன போலீஸ் நாயா" என்று அவள் எழ மறுத்துவிட்டாள். மறுநாள் தொங்கல் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் எழுந்தாள். பக்கத்து நாற்காலிக்காரரும் எழுந்தார். அதற்கப்புறம் ஒன்பது வருஷமாக அவர் அங்கேதான்.

தொல்லை வீட்டில்தான். மகளை எழுப்பவும் அதே வித்தை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாலு என்று பெயர், அதைச் சும்மா வைக்கவில்லை. காலையில் அவள் தலைமாட்டில் கீபோர்டை வைத்து ஸ-ம-ப என்று அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தலையணையால் காதைப் பொத்தினாலும் அந்தப் பாழாய்ப்போன ம உள்ளே புகுந்து குடையும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்த பிறகுதான் க வரும்.

ஒரு சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வாலு தன் ரப்பரைப் பிளேடால் ஐந்து துண்டாக்கினாள். கீபோர்டில் மொத்தம் ஐந்து க. ஒவ்வொன்றையும் ஸ்கேலால் நெம்பி அடியில் ஒரு துண்டு செருகினாள். இனி அந்தக் கட்டைகளை யானை மிதித்தாலும் இறங்காது. காலையில் முடிக்க முடியாமல் அப்பா முழிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் கார்டே இல்லை. முகத்தில் வெயில் அடித்துத்தான் முழிப்பு வந்தது.

"அப்பா எங்கம்மா?"

"அப்பவே போயிட்டாரு. புது மேனேஜர் இன்னைக்கு உக்காந்து பாக்கப் போறாராம். ஸ்பீக்கர் பொட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்காரு. பதிவு பண்ணி அதுல ஓட விட்டா போதும், வாசிக்க ஆள் எதுக்குங்கறாரு."

"அப்ப அப்பாவுக்கு வேலை?"

"நல்லா வாசிச்சா இருக்கும். சொதப்புனா பொட்டிதான்."

"இத ஏம்மா நேத்தே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்னத்தக் கிழிச்சிருப்ப?"

கிழித்துத்தான் வைத்திருந்தாள், ஐந்து துண்டாக. ஒரு காலில் தன் செருப்பு, ஒரு காலில் அம்மா செருப்பு. வாலு ஓடினாள்.

அவள் கூடத்து வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றபோது பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஸ-ம-ப தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் சுவரோரமாக, மடியில் தாளும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். கத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் மேனேஜர் காதிலும் விழும். வாயை மூடிக்கொண்டாள்.

தொங்கலின் விரல் ம-வை விட்டு க-வுக்கு இறங்கியது. கட்டை அசையவில்லை. ஸ-வும் ப-வும் மட்டும் ஓட்டைப் பல் மாதிரி ஒலித்தன. யாரும் உட்காரவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மறுபடி ம-வைப் பிடித்தார். மேலே இருந்த க-வை அழுத்திப் பார்த்தார். ஊஹும். அதற்கும் மேலே. ஊஹும்.

முன் வரிசையில் பழைய பஸ் டிரைவர் ஒருவர். இரண்டு முட்டியும் புதுசு.

"யோவ் தொங்கல், இறக்கி விடுய்யா. என் ஸ்டாப் தாண்டிப் போகுது."

"இருங்கண்ணே, இதோ வந்துருச்சு."

டிரைவரின் வலது கால் நடுங்க ஆரம்பித்தது. மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார்.

தொங்கல் ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு இடது கையை ஸ-விலிருந்து எடுத்து ம-வில் வைத்தார். வலது கையில் ஒன்றையும் மாற்றவில்லை. அதே மூன்று சுரம்தான், ஆனால் ம அடியில் போய் உட்கார்ந்ததும் அது வேறொரு வீட்டு வாசலாகிவிட்டது. இப்போது தொங்குவது ப. அதை மெதுவாக மேலே த-வுக்கு ஏற்றினார். ம, த, ஸ. க தேவையே இல்லாத பக்கத்து வீட்டுக் கதவு அகலமாகத் திறந்தது.

பன்னிரண்டு நாற்காலிகளும் ஒன்றாகக் கிரீச்சிட்டன. வாசலில் வாலுவும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மிச்ச வகுப்பு முழுக்க அவர் அந்தப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். ஒரு தடவை நெடுநேரம் பிடித்தார், ஒரு தடவை சட்டென்று முடித்தார். முடிந்ததும் மேனேஜர் எழுந்து வந்தார்.

"நாலாவது தடவ ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிச்சீங்க?"

"கடைசி நாற்காலி அம்மாவுக்குக் குதிகால் தூக்கிச்சு சார். இன்னும் கொஞ்சம் விட்டா விழுந்திருப்பாங்க."

"மொதல்ல மட்டும் ரொம்ப நேரம் போச்சே?"

தொங்கல் டிரைவரைப் பார்த்தார். "அண்ணனால முடியும்னு தெரியும் சார்."

"பொட்டிக்கு என் முட்டி தெரியுமா சார்?" என்றார் டிரைவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. இப்போது அவர் குரலில் ஒரு கெத்து வந்திருந்தது.

மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "சரி, பொட்டிய சாப்பாட்டுக் கூடத்துல வச்சுக்கலாம். நீங்க வழக்கம்போல வாங்க."

வாலு ஓடிப்போய்க் கீபோர்டுப் பையின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டாள். வழியில் அப்பா அவள் செருப்பை ஒரு தரம் பார்த்தார்.

வீட்டில் ஹேர்பின்னால் ஐந்து துண்டுகளையும் நெம்பி எடுத்து மேஜை மேல் சேர்த்து வைத்தார். முழு ரப்பர் வந்தது. அதில் பேனாவால் வரைந்த மீசைக்கார மூஞ்சியும் வந்தது.

"இது நானா?" என்றார்.

"மீசை மட்டும்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கட் பண்ணது கோணல்."

"அப்பா, நான் வேணும்னு..."

"போய் உங்கம்மா செருப்ப வாசல்ல வை மொதல்ல. அவ தேடிக்கிட்டிருக்கா."

மறுநாள் காலை தலைமாட்டில் ஸ-ம-ப தொங்கியது. வாலு எப்போதோ முழித்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இன்றைக்கு நம் வீடா, பக்கத்து வீடா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.