அட்டைப்பெட்டிக்காரர்களுக்கு ஒரே நாற்காலி

ஆம்பூரில் கிளம்பியது ஐந்து ஐம்பது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி ஆறு இருபது. வேலூர் ஓட்டல் வாசல் ஆறு ஐம்பது. என் நாட்குறிப்பின் அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிறேன். பாய் அதிகாலை ஃபஜர் தொழுகை முடித்த கையோடு வண்டியில் ஏறி, வழி முழுக்கத் தூங்கி வந்தார் என்றும் எழுதியிருக்கிறேன்.

பாயும் நானும் ஷூ வைக்கும் அட்டைப்பெட்டி செய்பவர்கள். இருவர் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இருபது வருடப் பழக்கம்; ரமலானில் அவர் வீட்டுக் கஞ்சி எனக்கு வரும், பொங்கலுக்குக் கரும்பு அவருக்குப் போகும். ஆனால் அவர் யாருக்குப் பெட்டி செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் யாருக்குச் செய்கிறேன் என்று அவருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். பெட்டிமேல் இருக்கும் பெயரைப் பார்த்தாலே வாடிக்கையாளர் யாரென்று தெரிந்துவிடும். அதனால் அச்சான பக்கத்தை உள்ளே திருப்பி அடுக்கி, தார்ப்பாய் போர்த்தித்தான் வண்டியில் ஏற்றுவோம்.

ஒன்றை மட்டும் மறைக்க முடியாது. பாயின் வெட்டு மெஷின் ஓடும் சத்தம் சுவர் வழியாக வந்துவிடும். ஓடிய நாளில் என் நாட்குறிப்பின் ஓரத்தில் ஒரு டிக் போடுவேன். அந்த வருடம் ஆடியிலிருந்து, வாரத்துக்கு ஆறு விழுந்த இடத்தில் மூன்று டிக்தான் விழுந்தது. பெரிய வாடிக்கை ஒன்று கைவிட்டுப் போயிருக்க வேண்டும். அவரிடம் கேட்க முடியுமா? கேட்டால் மனிதருக்கு அவமானம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் இருவர் ஷெட்டுக்கும் வயரிங் பார்க்கும் காண்டிராக்டர், தான் உறுப்பினராக இருக்கும் சர்வதேச வணிக அமைப்பின் வேலூர் கிளைக்கு எங்களை விருந்தினராக அழைத்தார். வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் எழுந்து, தன் தொழில் என்ன, யாருடைய அறிமுகம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வாய்ப்பைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

பாயின் முறை வந்தது. "அட்டப்பொட்டி செய்றோம். அல்லா நல்லா வெச்சிக்கினு இருக்கான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பத்து விநாடிகூட ஆகவில்லை.

தலைவியாக இருந்த பல் மருத்துவர், "உங்களுக்கு எந்தக் கம்பெனி அறிமுகம் வேணும், பாய்?" என்றார்.

"அத்த எப்டி டாக்டரம்மா இத்தினி பேர் எதிர்ல சொல்றது?"

அரங்கமே சிரித்தது. அடுத்து எழுந்த நானும் "சில கம்பெனிகளுக்கு, சில பெட்டிகள்" என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன்.

முடியும்போது மருத்துவர் விதியைச் சொன்னார்: ஒரு தொழிலுக்கு ஒரே உறுப்பினர். பெட்டிக்காரர் நாற்காலி காலியாக இருக்கிறது. எங்களில் ஒருவர்தான் சேர முடியும்.

திரும்பும் வழியில் பாய் தூங்கவில்லை.

"நீ சேந்துடுபா. உனக்குதான் இங்கிலீஷ் வருது."

"பார்க்கலாம் பாய்" என்றேன். அந்த மூன்று டிக்கைப் பற்றி எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தேன். வருடா வருடம் மீந்த அட்டையில் தினசரிக் காலண்டர் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். தொழில் என்ற இடத்தில் 'காலண்டர் தயாரிப்பு' என்று எழுதினேன். பெட்டி நாற்காலி பாய்க்கு இருக்கட்டும். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மீண்டும் புதன்கிழமை, புதிய உறுப்பினர்களை மருத்துவர் வாசித்தார். காலண்டர் தயாரிப்பு என்றதும் நான் எழுந்தேன். பாய் என்னை முறைத்தார். அடுத்து, பெட்டிக்குள் ஷூவைச் சுற்றும் டிஷ்யூ பேப்பர் என்று மருத்துவர் வாசித்தார். எழுந்தவர் பாய்! ஷெட் மூலையில் தன் பெட்டிகளுக்காக மட்டும் கொஞ்சம் டிஷ்யூ வெட்டுவார். அதைத் தொழிலாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதாக, ஷூ பெட்டி. ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்மணி எழுந்து கும்பிட்டார். நாங்களும் கை தட்டினோம்.

வண்டியில் ஏறியதும் பாய் ஆரம்பித்தார். "இன்னாபா, காலண்டரா?"

"நீங்க டிஷ்யூவா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

"மத்தியானத்துக்கு மேல உன் மெஷின் ஓடறதே இல்ல. நான் கேட்டுக்கினுதான இருக்கேன்? ஆர்டர் கம்மியாயிடுச்சி போலன்னு விட்டுக் குடுத்தா, எவனோ… இல்ல, அந்தம்மா வந்து குந்திக்கிச்சி!"

பள்ளிகொண்டா வரும்வரை சிரித்தோம். மதியத்துக்கு மேல் நான் மெஷினை நிறுத்துவது ஆர்டர் இல்லாததால் அல்ல, உட்கார்ந்து படிக்கவும் எழுதவும்தான். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த புதன் ராணிப்பேட்டை அம்மா தன் நிமிடத்தில் வாடிக்கையாளர் பெயர் ஒன்றுவிடாமல் சொன்னார். "இன்னாபா இது, எல்லாத்தயும் சொல்லுதே!" என்று பாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா நிற்காமல், "எங்க பெட்டிக்கெல்லாம் டிஷ்யூ அளவா வெட்டிக் குடுக்க ஆள் இல்லாம பேஜாரா இருக்கு. அந்த வேலைய பாய்க்கே குடுக்கறேன்" என்றார். சீட்டை மருத்துவர் உரக்க வாசித்தார். எல்லோரையும்விட நீளமாகக் கை தட்டியது நான்தான்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குச் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டது. பழைய தடதடப்பு இல்லை. காகிதம் வெட்டும் கத்தி இறங்கும் சத்தம். அந்த வாரம் ஆறு டிக்.

சனிக்கிழமை மாலை டீ குடிக்க அவர் ஷெட்டுக்குப் போனேன். வெட்டி அடுக்கிய டிஷ்யூக் கட்டுகள் இடுப்புயரத்துக்கு நின்றன. என்னைப் பார்த்ததும் பாய் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"யாருக்கு பாய் இவ்ளோ?" என்றேன்.

"ஒரு பார்ட்டிக்கு" என்றார்.