ரங்கனின் ஏரோப்ளேனும் எங்கள் வீட்டு வால்வும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ரேடியோவின் ஒரு பாகம் சாந்தோம் கடற்கரைக்கு மேலே பறந்தது. சொன்னால் நம்புவீர்களா?

என் மச்சினன் ரங்கனுக்கு ஏரோப்ளேன் பைத்தியம். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துக் கட்டிய சாமான்களை வாங்கி வந்து ஒரு குட்டி விமானம் செய்திருந்தான். தரையில் நின்று பொத்தானை அழுத்தினால், கம்பியில்லாமலே அதன் வால் திரும்புமாம். உள்ளே வைக்க ஒரு சின்னக் கண்ணாடி வால்வு மட்டும் பாக்கி. அது எங்கள் பாட்டரி ரேடியோவில் இருந்தது.

"காலம்பர காத்தே இருக்காது, அத்திம்பேர். ஒரு தடவை விட்டுப் பார்த்துட்டு, உடனே கொண்டுவந்து மாட்டிடறேன்" என்றான்.

விஷயம் என்னவென்றால், அதே சனிக்கிழமை இரவு அவன் தங்கை கமலா முதல் முதலாக ரேடியோவில் பாடுகிறாள். அதைக் கேட்பதற்கென்றே உறவுக் கூட்டம் முதல் நாளே எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டது. வால்வு இல்லாவிட்டால் ரேடியோ வெறும் மரப்பெட்டி. அப்புறம் என் கதி?

கெஞ்சிக் கூத்தாடி என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டான். விடிந்ததும் வால்வைக் கழற்றிக்கொண்டு கிளம்பினோம். "ரெண்டு பேருமா எங்கே கிளம்பிட்டேள்?" என்றார் மாமியார்.

போச்சு. கிளம்புகிறவனை 'எங்கே' என்று கேட்டுவிட்டால் காரியம் உருப்படுமா? உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டோம். வாசலில் பெரியப்பா... அவரும் அதையே கேட்டார். அவருக்குப் பிறகு அத்தை, சித்தி. வீடு நிறைய உறவினர் என்றால் சும்மாவா? குடித்த தண்ணீரில் வயிறு உப்பிவிட்டது. அதற்குள் ராகு காலம் வந்தது. கம்பியில்லாமல் விமானம் விடுகிற நம் விஞ்ஞானி, "அதுவும் முடியட்டும்" என்று உட்கார்ந்துவிட்டான்.

கடற்கரை போய்ச் சேர்ந்தால், கடல் காற்று வேஷ்டியைப் பிடுங்குகிறது. திரும்பலாம் என்றேன். கேட்டால்தானே?

விட்டான். ஜோராக எழும்பியது. பொத்தானை அழுத்தினான் — சமர்த்தாகக் கடலைப் பார்த்துத் திரும்பியது. மூக்கு கிழக்கே... போவதென்னவோ மேற்கே. காற்று அதைப் பின்பக்கமாகவே மயிலாப்பூருக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். "இன்னா நைனா, அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. கூப்ட்டா வராதா?"

துரத்திக்கொண்டு ஓடினோம். ஒரு வீட்டு மொட்டை மாடியில் போய் இறங்கியது. வாசலில் பூட்டு. "மாம்பலத்துல கல்யாணம். அவா ராத்திரிதான் வருவா" என்றார்கள் பக்கத்து வீட்டில். வால்வு இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? தெருவிலேயே காய்ந்தோம்.

இருட்டிய பிறகு வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். "மொதல்ல கச்சேரி. அப்புறந்தான் மாடி" என்று ரேடியோவைத் திருகினார்.

கமலா பாடினாள்.

வீட்டுக்காரர் கையிலிருந்த சாவியோடு அப்படியே நின்றுவிட்டார். ரங்கன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கும் பெருமையாக இருந்தது.

விமானத்துக்கு இறக்கை ஒடிந்திருந்தது, வால்வு பிழைத்தது. வீட்டுக்கு வந்தால் எல்லோரும் எங்களைச் சுட்டெரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். வாயைத் திறப்பதற்குள் கமலாவும் வந்துவிட்டாள்.

"எப்படி இருந்தது?" என்றாள்.

குழந்தை மனசு நோகலாமா? "பிரமாதம்" என்றார்கள் கூட்டமாக.

"ரெண்டாவது பாட்டு?"

"அதுவும் பிரமாதம்."

ரங்கன் மெல்லச் சொன்னான்: "ஆரம்பத்துல பயந்துட்டே. ரெண்டாவதுலதான் குரல் சேர்ந்தது. கடைசிப் பாட்டுல நான் அழுதுட்டேன், கமலா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "அண்ணா ஒருத்தன்தான் நெஜமாக் கேட்டிருக்கான். நீங்கள்ளாம் வம்பு பேசிண்டு இருந்தேளாக்கும்" என்றாள்.

ஊமைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் — பாவம், என்ன பதில் சொல்வார்கள்?