லேன் முடியும் இடத்தில் செலின் அக்கா கடை

செலின் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, குளுவாங்கில்.

அவர் மகள் ரோஸிதான் போன் செய்து சொன்னாள். "சரி" என்றேன்.

யோங் பெங்கிலிருந்து பாலோ போகும் ரோட்டில், செம்பனைத் தோட்ட முனையில், நீலத் தகரம் போட்ட சாப்பாட்டுக் கடை. தே தாரிக், நாசி லெமாக், கறிபாப். அந்தப் பக்கம் லாரி ஓட்டும் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும்.

நான் அவரை முதலில் பார்த்தது என் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். ரோட்டு சர்வேக்காக வண்டி எண்ணப் போயிருந்தேன். அந்த ரோட்டை மூன்று லேனாக ஆக்குவதாக இருந்தது. நடு லேன் முந்திப் போவதற்கு; கொஞ்ச தூரம் போகிறவர்களுக்கு, அடுத்த கொஞ்ச தூரம் வருகிறவர்களுக்கு. மாறி மாறி. செம்பனைப் பழ லாரிக்குப் பின்னால் யாரும் ஊர்ந்துகொண்டே போக வேண்டியதில்லை.

எந்த இடத்தில் லேன் ஆரம்பிக்கும், எங்கே முடியும்... அந்தக் கணக்கைப் போட்ட டீமில் நானும் ஒருவன்.

மூன்று நாள் அக்கா கடை பெஞ்சில், வண்டிக்கு ஒரு தடவை அழுத்தும் கிளிக்கரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"என்னா தம்பி, காலையிலேருந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டே இருக்கீங்க? எங்க ஃபாதர்கூட இவ்வளவு உருட்ட மாட்டாரு."

சிரித்ததில் எனக்கு ஒரு லாரி விட்டுப்போனது. "அலமாக், ஒன்னு போச்சுலா!" என்று அவரே சொன்னார்.

மூன்றாம் நாள் பிளானைக் காட்டினேன். லேன் முடியும் இடத்தில் விரலை வைத்தார். அவர் கடை வாசல்.

"இங்க முடிக்காதீங்க தம்பி. லேன் முடியப்போகுதுன்னு போர்டு பாத்தா எவனும் பிரேக் போட மாட்டான். கடைசி லாரியையும் வெட்டி முந்திட்டுத்தான் போவான். என் கடைக்குத் திரும்புற மோட்டார் சைக்கிள் எல்லாம் நடு லேன்ல நிக்கும்லா."

"முன்னாடியே முடிச்சு லேனைச் சுருக்கினா கெப்பாசிட்டி குறைஞ்சிடும் அக்கா."

"கெப்பாசிட்டியா? அவரு எந்த எஸ்டேட்டு?"

பிறகு சிரிக்காமல் சொன்னார். "எங்க தாத்தா சொல்வாரு, ஜப்பான்காரன் இந்த ரோட்டுல சைக்கிள்லதான் வந்தான். ஊரைப் பிடிக்க வந்தவன். அவன்கூட இவனுங்க மாதிரி பறக்கல. நான் சொன்னத எழுதிக்குங்க தம்பி."

சர்வே ஃபாரத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும். அக்கம்பக்கத்தார் சொல்லும் கருத்து.

"எழுதிட்டேன் அக்கா" என்றேன்.

எழுதவில்லை. 'தியாடா' என்று போட்டேன். எதுவும் இல்லை என்று.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவர் சொன்னதை எழுதினால் லேனைச் சுருக்க வேண்டும், எல்லாக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்...

ரோடு போட்டார்கள். லேன் அக்கா வாசலிலேயே முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு, நிர்மலாவோடு பாலோவில் மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் நிற்போம். முதல் தடவையே அக்கா அவளிடம் சொன்னார்: "உன் வீட்டுக்காரரு அப்பவே எழுதிக் கொடுத்தாரு பாப்பா. ஆபீஸ்ல மேல இருக்கறவன் கேக்கல. இவரு என்னா செய்வாரு?"

நிர்மலா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் கறிபாப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நிர்மலா எப்படிப் போனாள் என்று இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். எங்கே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கடை வாசலில்தான். மத்தியானம். மோட்டாரில் தனியாக அம்மா வீட்டுக்குப் போனவள், கடைக்குத் திரும்ப சிக்னல் போட்டு நடு லேனில் நின்றிருக்கிறாள். பின்னால் ஒரு கார், லேன் முடிவதற்குள் கடைசி லாரியை வெட்ட வந்தது...

ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா தார் ரோட்டில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக் குடை பிடித்திருந்தாராம்.

சாவு வீட்டுக்கும் வந்தார். வந்தவர்களிடம் எல்லாம், "இந்தத் தம்பி அப்பவே எழுதிக் கொடுத்தாரு" என்று அழுதார். நான் பின்பக்கம் போய்விட்டேன். அவர் கிளம்பும்வரை முன்னால் வரவில்லை.

பிறகு ரோஸி மெசேஜ் அனுப்பினாள். "அண்ணே, அம்மா ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்றாங்க. நிர்மலா அக்கா கடைசியா ஒன்னு சொன்னாங்களாம்."

"அடுத்த வாரம் வரேன்மா" என்று போட்டேன். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில்தான்.

போனால் அக்கா மறுபடியும் "நீங்க எழுதினீங்க தம்பி" என்பார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பாலோவுக்கே வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு போனேன்.

இன்று போனை வைப்பதற்கு முன் ரோஸியிடம் கேட்டேன். "நிர்மலா என்னம்மா சொன்னா?"

"தெரியலண்ணே. நானும் கேட்டுப் பாத்தேன். அந்தத் தம்பி வந்தா அவர்கிட்டதான் சொல்வேன்னுட்டாங்க."

நாளைக் காலை சர்ச்சில் பூசை. நான் வருகிறேன் அக்கா, அந்த ரோட்டிலேயே.

நான் எழுதவில்லை அக்கா.

போய் வாருங்கள்.